பால் வாளியில் ஒரு கறுப்பு அவரை

வாளியைக் கவிழ்த்ததும் கோதுமை மணிகள் மேசைவிரிப்பில் சிந்திப் பரவின. அவற்றின் நடுவிலிருந்து ஒரு கறுப்பு அவரை விதை உருண்டு வந்து, உப்புச் சாடிக்குப் பக்கத்தில் நின்றது.

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒன்றை எத்தனை முறை எண்ணினாலும் ஒன்றுதான். அந்த வீட்டில் அந்த ஒன்று போதும். ஒரு கறுப்பு விழுந்தால் ஆள் வேண்டாம் என்று பொருள். அந்த ஆள் ஒரு கதவுக்கு அப்பால், குசினி அடுப்புக்குப் பக்கத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உடுப்புப் பெட்டிகளை ஏற்றிய வான் வண்டியோடு அவளுடைய அண்ணை வாசலில் நின்றார், இஞ்சினை அணைக்காமல். அவளை அங்கே கூட்டிக்கொண்டு வந்தவள் நான்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ரொறன்ரோவில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு செங்கல் வீடு. வாசலுக்கு மேலே மூன்று கிரேக்க எழுத்துகள். என் அம்மா முதல்முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கணித ரியூசன் என்று நினைத்தார். நான் திருத்தவில்லை. பெண்கள் மட்டுமே இருக்கும் அந்தச் சங்கத்துக்கு ஃபிரட்டேர்னிட்டி என்று பெயர். அண்ணன் தம்பிகளுக்கான சொல். தொடக்க காலத்தில் ஒன்ராறியோப் பண்ணைகளிலிருந்து படிக்க வந்த பெண்களை, சப்பாத்தில் சாணி மணக்கிறது என்று நகரத்துப் பெண்கள் தங்கள் சங்கங்களில் சேர்க்கவில்லையாம். அவர்கள் தாங்களே ஒரு வீடு பிடித்து, ஆண்களுடைய பெயரையே சங்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கோபத்தில் வைத்த பெயர் என்றுதான் நான் நினைக்கிறேன். அதனாலேயே அந்தப் பெயரை எனக்குப் பிடிக்கும்.

சேருவதற்கு ஒரு தகுதி வேண்டும்: நகக்கண்ணில் எப்போதாவது மண் இருந்திருக்க வேண்டும். என் அப்பா தபால்கந்தோர்க்காரர். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி வெங்காயம் போட்டிருந்தார். நேர்முகத்தில் என் வாயிலிருந்து வெளியே வந்தபோது அந்த நாலு பாத்தியும் எப்படியோ ஏக்கர்க் கணக்கில் விரிந்திருந்தன. அஜின்கோர்ட்டில் இரண்டு படுக்கையறையில் எட்டுப்பேர் இருந்த அப்பார்ட்மென்டிலிருந்து நான் தப்பி வந்தது அந்த வெங்காயத்தின் புண்ணியத்தில்.

வாக்களிப்பது பால் வாளியில். வாளியைத் துணியால் மூடியிருப்பார்கள். மூடிய கையைத் துணிக்குள் விட்டு, சம்மதம் என்றால் கோதுமை மணி, மறுப்பு என்றால் கறுப்பு அவரை போடவேண்டும். உலகத்து வல்லரசுகளுக்கு மட்டும் இருக்கிற வீற்றோ அதிகாரம் அங்கே முறைவைத்துக் கோப்பை கழுவுகிற எல்லோருக்கும் இருந்தது.

குசினியில் இருந்தவள் மன்னார்ப் பிள்ளை. அவளுடைய தகப்பன் மெய்யாகவே வயல் செய்தவர். என் வெங்காயத்தைப்போல அவர்களுடைய நெல்லுக்குக் கற்பனை எருவும் பசளையும் தேவைப்படவில்லை. தாவரவியல், இரண்டாம் வருடம். ஒரு இலையைப் பார்த்தால் நின்றுவிடுவாள், பஸ் போய்விடும். பார்க்டேலில் அண்ணையோடு ஒரு அறையில் இருந்தாள். அண்ணைக்குப் பிறம்ரனில் ஒரு சப்பாத்து வெயர்ஹவுசில் வேலை நிரந்தரமானது. அங்கேயே ஒரு பேஸ்மென்ட் எடுத்துவிட்டார். பார்க்டேல் அறையைக் காலிசெய்யவேண்டிய ஞாயிறும் வந்துவிட்டது. பிறம்ரனிலிருந்து பஸ் மாறி, பஸ் மாறி, சப்வே பிடித்து வகுப்புக்கு வருவதென்றால் பாதி நாள் தெருவிலேயே போய்விடும். ஆய்வுகூடம் முடிந்து திரும்பும்போது அந்தப் பக்கத்துக்குக் கடைசி பஸ்ஸும் இருக்காது.

அண்ணை ஒரு வழி சொல்லியிருந்தார். "ஒரு வருசம் படிப்பை நிப்பாட்டு. என்ரை இடத்திலை பாக்கிங் வேலை எடுத்துத் தாறன். பிறகு பார்ப்பம்."

"பிறகு பார்ப்பம்" என்பதைவிட மரியாதையாக ஒரு விஷயத்தைப் புதைக்கத் தமிழில் வேறு வசதி கிடையாது. அவர் கெட்ட மனிதரில்லை. பெண்பிள்ளைகள் மட்டும் இருக்கிற ஒழுங்கான இடத்தில் அறை கிடைத்தால் விடுகிறேன் என்றும் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. அதை உறுப்பினருக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். ஆகவே வாளியில் கறுப்பு விழுந்தால் பிறம்ரன், விழாவிட்டால் தாவரவியல்.

விழுந்துவிட்டது.

நிறம்தான் காரணம் என்று நான் உடனே முடிவுகட்டினேன். முந்தின வருடம் அதே வாளியில் என் பெயருக்கு ஒரு கறுப்புகூட விழவில்லை. அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: ஒருத்தி இருந்தால் அலங்காரம், இரண்டாவது வந்தால் ஆக்கிரமிப்பு என்று நினைக்கிறார்கள். மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். போன வாரம் என்னோடு சேர்ந்து குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளாக இருக்குமா? எனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் காய்ச்சித் தந்தவள் சுவரைப் பார்த்தாள். இவளா? கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் நான் நம்பக்கூடிய ஆள் உப்புச் சாடி மட்டும்தான் என்றாகிவிட்டது.

சங்கத் தலைவி செம்மறியாட்டுப் பண்ணையிலிருந்து வந்து சட்டம் படிக்கிறவள். ஆடு மேய்ப்பதையும் சட்டம் பேசுவதையும் ஒரே குரலில் செய்வாள். அவள் விதியைச் சொன்னாள்.

"இன்னொரு முறை வாக்களிக்கலாம். ஒரே ஒரு முறை. அதற்கு முன் யார் வேண்டுமானாலும் அவளிடம் கேள்வி கேட்கலாம். ஆனால் அவளைக் கூட்டிவந்து பிணை நின்றவள் வாய் திறக்கக்கூடாது. அவளோடும் கூடாது, எங்களோடும் கூடாது, யாரோடும் கூடாது. திறந்தால் இந்தக் கறுப்பு அப்படியே நிற்கும்."

பிணை நின்றவள் நான். இந்த விதியை எழுதியவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே என்னைச் சந்தித்திருக்க வேண்டும்.

அப்போது மேசையின் அந்தக் கரையிலிருந்து, பால்பண்ணையில் வளர்ந்த ஒருத்தி பேசினாள். நல்ல உயரம். யாரோடு பேசினாலும் நடுவில் ஒரு புல்வெளி இருப்பதுபோலத்தான் பேசுவாள்.

"கறுப்பைப் போட்டது நான்."

"அதைச் சொல்லத் தேவையில்லை," என்றாள் தலைவி.

"வெட்கப்படுகிறவர்களுக்குத்தான் இரகசியம். அந்தப் பெண்ணுக்கு இங்கே வர விருப்பமில்லை. மூன்று ஞாயிறு பார்த்துவிட்டேன். உருளைக்கிழங்கு வேண்டாமாம். ஆப்பிள் பை வேண்டாமாம். அறை பிடித்திருக்கிறதா என்றால் பரவாயில்லையாம். இவள்தான் அவளைத் தள்ளிக்கொண்டு வருகிறாள்." விரல் என்னை நோக்கி நீண்டது. "தொழுவத்துக்குள் வர விரும்பாத மாட்டைத் தள்ளினால் பால் தராது. உதைதான் தரும்."



அந்த வீட்டு வழக்கப்படி, சேர வருகிறவள் மூன்று ஞாயிற்றுக்கிழமை இராச்சாப்பாட்டுக்கு வரவேண்டும். மன்னார்ப் பிள்ளை வந்தாள். முதல் ஞாயிறு பால்பண்ணைக்காரி உருளைக்கிழங்குக் கோப்பையை நீட்டி, "இன்னும்?" என்றாள். இவள் கையைத் தட்டுக்கு மேலே பிடித்து, "நோ, தாங்க்யூ." கோப்பை அடுத்தவளிடம் போய்விட்டது. இரண்டாம் ஞாயிறு ஆப்பிள் பை. "நோ, தாங்க்யூ." பையும் போய்விட்டது. மூன்றாம் ஞாயிறு மாடி அறையைக் காட்டி, வர விருப்பமா என்று கேட்டார்கள். "உங்களுக்குக் கரைச்சல் தொந்தரவு இல்லையெண்டால்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று, எவ்வளவு நல்ல வளர்ப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை முதல் முறை கேட்டதும் "ஓம்" சொல்லாது. முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது கேட்கிறவரைச் சோதிக்க, மூன்றாம் முறை கேட்டால் "சரி, கொஞ்சமாப் போடுங்கோ." உலகம் முழுவதும் இப்படித்தான் சாப்பிடுகிறது என்று நினைத்திருந்தேன். பால்பண்ணையில் வேண்டாம் என்றால் வேண்டாம். கேட்டு, பதிலை வாங்கி, அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று பழமொழி வைத்திருக்கிறோம். பெண்பிள்ளையை அழாமல் வளர்ப்பதும் நாங்கள்தான். இரப்பது இழிவு என்று இரண்டாயிரம் வருடமாகப் பாடிப் படித்த இனத்தின் விளைச்சல், குசினியில் கோட்டோடு உட்கார்ந்திருந்தது. இவ்வளவையும் ஒரே மூச்சில் மேசையில் கொட்டியிருப்பேன். வாய் திறக்கக்கூடாது.

எல்லோரும் குசினிக்குள் போனோம். மன்னார்ப் பிள்ளை எழுந்து நின்றாள். தலைவி விஷயத்தைச் சொன்னாள்: ஒரு மறுப்பு விழுந்திருக்கிறது, இன்னொரு வாக்கு இருக்கிறது, கேள்வி கேட்பார்கள்.

"இட்ஸ் ஓகே," என்றாள் அவள். கறுப்பு விழுந்ததுகூட அவளுக்கு இட்ஸ் ஓகே. நான் அடுப்புப் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தேன்.

அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் ஒரு கப் தேத்தண்ணி ஊற்றினேன். பாலும் சீனியும் நிறையப் போட்டு அவளிடம் நீட்டினேன். தலையை ஆட்டினாள், வேண்டாம். கப்பை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். "இல்லையக்கா, பரவாயில்லை." நான் கப்பைத் திருப்பி எடுக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்து அதில் வைத்தேன். வாங்கினாள். சூடு பாராமல் ஒரேயடியாகக் குடித்தாள். காலையிலிருந்து சாமான் ஏற்றியவள், ஒன்றும் குடித்திருக்கமாட்டாள். வெறும் கப்பை மேசையில் வைத்தாள். மறுபடி ஊற்றினேன். வேண்டாம், வேண்டாம், பிறகு அதையும் குடித்தாள்.

பால்பண்ணைக்காரி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றி சுருங்கியிருந்தது.

"அவளுக்குத் தேநீர் வேண்டுமா, வேண்டாமா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் கூரையைப் பார்த்தேன்.

அந்த நேரம் பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணை. ஆண்கள் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அவர் வாசற்படியிலேயே நின்றார். பின்னால் நவம்பர் மாதத்து இருட்டு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, என்னமாதிரி? முடிஞ்சுதோ? பார்க்கிங் ரிக்கற் அடிக்கிறவன் ரெண்டுதரம் சுத்திப்போட்டான்," என்று என்னிடம் கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். யாரோடும் கூடாது என்றால் தமிழிலும் கூடாது. கைகளால் ஏதோ காட்டினேன். பொறுங்கோ, இன்னும் முடியவில்லை, இன்னொருதரம் நடக்கப்போகிறது. இதை இரண்டு கையால் காட்டிப் பாருங்கள். கோழி விரட்டுவதுபோல இருக்கும்.

"ஏன், வாயிலை புண்ணோ?" என்றார் அண்ணை.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அந்த இல்லையை எடுத்துக்கொண்டார்.

"விளங்குது, விளங்குது. இல்லையெண்டிட்டினம். உமக்கு அதைச் சொல்ல மனம் வரேல்லை. பரவாயில்லைத் தங்கச்சி, நீர் உம்மாலை ஏலுமானதைச் செய்தனீர்." பிறகு தங்கையைப் பார்த்தார். "சரி, வா பிள்ளை. எனக்கு இண்டைக்கு நைற் ஷிஃப்ட். உன்னை விட்டிட்டுப் போகவேணும்."

மன்னார்ப் பிள்ளை கோட்டின் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினாள். கீழிருந்து மேலே, ஒன்றொன்றாக. அவளுடைய முகத்தில் ஒன்றுமே இல்லை. நல்ல வளர்ப்பு. நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொல் போதும், "பொறுங்கோ" என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லோடு அறை போய்விடும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவாள். கடைசிப் பொத்தான் கழுத்தடிக்கு வந்துவிட்டது.

"நில்," என்றாள் பால்பண்ணைக்காரி.

கதவுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றாள். அந்த உயரத்துக்கு அதுவே ஒரு கதவு.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நீ இங்கே இருக்க விரும்புகிறாயா?"

"இட்ஸ் ஓகே. நோ ப்ரொப்ளம்."

"அது பதில் இல்லை. இங்கே இருக்க விரும்புகிறாயா?"

"எல்லாருக்கும் சம்மதமெண்டால்…" என்று ஆங்கிலத்தில் இழுத்தாள்.

"எல்லாரையும் நான் கேட்கவில்லை." பால்பண்ணைக்காரியின் கண் மேசையிலிருந்த வெறும் கப்புக்குப் போய்த் திரும்பியது. குரல் இறங்கியது. அந்தக் குரலில் அவள் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "சரி. இன்னொருமுறை கேட்கிறேன். உனக்கு இங்கே இருக்க வேண்டுமா?"

மன்னார்ப் பிள்ளையின் தாடை நடுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, கோபம் வந்தது.

"வேணும்!" என்றாள். தமிழில். பிறகு ஆங்கிலத்தில். பிறகு எது எந்த மொழி என்று பார்க்க அவளுக்கு நேரமிருக்கவில்லை. "எனக்கு அந்த அறை வேணும். குப்பை லேனைப் பாக்கிற ஜன்னல் எண்டாலும் வேணும். எனக்கு அந்த ஆப்பிள் பையும் வேணும். நான் ஒரு வாயும் தின்னேல்லை, அதுக்குள்ளை தட்டை எடுத்திட்டீங்கள்! எனக்குப் படிக்கவேணும். அண்ணை, எனக்குப் பிறம்ரன் வேண்டாம், பெட்டி ஒட்டிற வேலை வேண்டாம், ஒருத்தற்றை சப்பாத்தையும் எனக்குப் பாக் பண்ண ஏலாது!"

அண்ணை தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதை ஏன் நீ எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே!"

"கேட்டனே. பார்க்டேலிலை வைச்சு, வாறியோ எண்டு கேட்டனான். நீ சரியெண்டனீ."

"ஒருக்காத்தானே கேட்டனீங்கள்!"

அவரும் அதே வளர்ப்பு. "அது சரி," என்றார் மெதுவாக. "நான் ரெண்டாந்தரம் கேட்டிருக்கவேணும்."

அண்ணையும் தங்கையும் பேசியதில் மற்றப் பெண்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூப் காய்ச்சித் தந்தவள் மூக்கை உறிஞ்சினாள். சற்று முன்னர் நான் அவளைக் குற்றவாளியாக்கி, விசாரித்து, தண்டனையும் கொடுத்து முடித்திருந்தேன். மேல்முறையீடு இல்லாமலே விடுதலை செய்தேன்.

தலைவி வாளியைக் குசினிக்கே கொண்டுவந்தாள். கோதுமைக் கிண்ணம் ஒரு பக்கம், கறுப்பு அவரைக் கிண்ணம் ஒரு பக்கம். ஒவ்வொருவராகப் போனோம். துணிக்குக் கீழே விதை விழும் சத்தத்தில் எது எதுவென்று கண்டுபிடிக்க முயன்றேன். கோதுமை இலேசானது, அவரை கனம் என்று அதற்கு முன் நான் யோசித்ததில்லை. ஒவ்வொரு சத்தமும் கனமாகத்தான் கேட்டது. பால்பண்ணைக்காரி கையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தாள். அவளுடைய முகம் எப்போதும்போல ஒரு வேலி.

தலைவி கவிழ்த்தாள். கோதுமை. விரலால் பரப்பிப் பார்த்தாள். கோதுமை, கோதுமை, கோதுமை.

இப்போது நீ பேசலாம் என்று என்னிடம் சொன்னார்கள். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த விரிவுரை முழுவதும் எனக்கு மறந்துபோயிருந்தது. "தேத்தண்ணி இன்னும் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

பெட்டிகளை இறக்கப் போனோம். பால்பண்ணைக்காரி இரண்டு பெரிய சூட்கேஸையும் கன்றுக்குட்டிகளைத் தூக்குவதுபோலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். அண்ணை நடைபாதையில் நின்று, மாதா சுருவத்தை, சின்னச் சிலைதான், துவாயில் சுற்றி என்னிடம் தந்தார். "இதைக் கவனமாக் கொண்டுபோம். அம்மா அனுப்பினது." பிறகு வானின் பின்பக்கம் குனிந்து ரைஸ் குக்கரை எடுத்தார். அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"இதையும் வைச்சிரு."

"வேண்டாம் அண்ணை."

"வைச்சிரு பிள்ளை."

"வேண்டாம்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "உண்மையா வேண்டாமோ?"

"உண்மையா. எனக்கு இங்கை முறை வைச்சுச் சமைக்க இவ்வளவு பேர் இருக்கினம். உங்களுக்கு அங்கை ஆர் இருக்கினம்?"

குக்கரைப் பின்னால் வைக்கப்போனவர், நின்று, முன் இருக்கைக்குக் கொண்டுபோனார். அவளுக்காக ஒதுக்கி வைத்திருந்த இருக்கை. அதில் வைத்து, வழியில் பிரேக் அடித்தால் விழாமல் இருக்க பெல்ட்டையும் போட்டுவிட்டார். "நேரத்துக்குச் சாப்பிடு" என்றார், அவளிடம்தான் என்று நினைக்கிறேன். வான் மூலையில் திரும்பும்வரை நாங்கள் இருவரும் குளிரில் நின்றோம்.